பொதுக் கக்கூஸுக்குப் பூட்டு ஏன்? போதைத் தூள், வீடின்மை, மலசலகூடம் பற்றி ஓர் எளிய விளக்கம்

இலங்கை மலையகத்து நகரங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் பொது மலசலகூடத்தைத் தேடிப் போனால் பல இடங்களில் பூட்டுத்தான் தொங்கும். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "எல்லாம் இந்தத் தூள்காரனுங்களாலதான். உள்ள போய் அடிக்கிறானுங்க, அங்கேயே படுத்துக்கிறானுங்க. அதான் பூட்டிட்டாங்க." பஸ் கண்டக்டர் இதைச் சொல்கிறார், எதிர்க்கடை முதலாளி சொல்கிறார், சபை உறுப்பினர்கள்கூடச் சொல்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர்கள் கண்ணில் படுவது அதுதான்.

ஆனால் இந்தப் பேச்சுக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகப் பிசையப்பட்டிருக்கின்றன. மலசலகூடம் போதாமல் இருப்பது ஒன்று. படுக்க இடம் இல்லாத மனிதர்கள் இருப்பது இன்னொன்று. போதைப்பொருள் மூன்றாவது. மூன்றும் ஒரே கதவுக்குப் பின்னால் சந்திப்பதால் ஒரே பிரச்சினை போலத் தெரிகிறது. ஒரே பிரச்சினை என்று நினைப்பதால் ஒரே மருந்தாகப் பூட்டை வாங்குகிறோம். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பைப்படிப் பாட்டி

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு லயத்துக்கு இரண்டு பைப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முன்வாசலுக்கு எதிரே இருக்கிறது. விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போகிறவர்கள், அப்புறம் பிள்ளைக் காம்பராவுக்குக் குழந்தையைத் தூக்கிப் போகும் தாய்மார், பகல் முழுக்க வெயில் காய உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி என்று அங்கே எப்போதும் ஆள் இருக்கும். மற்றது லயத்துக்குப் பின்னால் வாழை மறைவில் இருக்கிறது. இரண்டிலும் வருவது ஒரே தண்ணீர், பிடிப்பது ஒரே ஆட்கள். ஆனால் முன்பக்கத்துக் குழாயின் திருகு வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். பின்பக்கத்தில் திருகு காணாமல் போய், கட்டையால் அடைத்து வைத்திருப்பார்கள். கசிப்பு என்னும் கள்ளச்சாராயப் போத்தல் கிடப்பதும் அங்கேதான்.

அந்தப் பாட்டி காவல்காரி இல்லை. யாரையும் அதட்டுவதும் இல்லை. அங்கே இருக்கிறார், பார்க்கிறார், அவ்வளவுதான். நகரங்களைத் திட்டமிடுகிறவர்கள் இதை 'இயல்பான கண்காணிப்பு' என்பார்கள். அதாவது, பொலிஸோ கேமராவோ இல்லாமல், சும்மா வந்துபோகும் ஆட்களின் கண்களே ஓர் இடத்தைப் பாதுகாப்பது.

மலசலகூடத்தில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே யாரும் பார்க்கக் கூடாது, அதற்காகத்தானே கதவு. ஆகவே அறைக்குள் முழு மறைவும், கதவுக்கு வெளியே முழு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் வேண்டும். நம் ஊர்களில் செய்வது இதற்கு நேர்மாறு. கக்கூஸ் என்றால் அசிங்கம் என்று சந்தைக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, கானோரத்தில் (சாக்கடையோரத்தில்) கொண்டுபோய் வைக்கிறோம். நகரத்துக்கே அதுதான் பின்பக்கப் பைப்படி ஆகிவிடுகிறது. அப்புறம் அங்கே என்ன நடக்கிறது என்று வியக்கிறோம்.

சுருக்கம் இதுதான். கவனிக்க ஆள் இல்லாத பொது இடம் கெட்டுப்போகும். யார் கெடுத்தார்கள் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

பூட்டின் கணக்கு

நகரத்துப் பொது மலசலகூடம் மாநகர சபைக்கோ நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியது. பல இடங்களில் சபை அதைத் தானே நடத்துவதில்லை. கேள்விப்பத்திரம் கோரி, அதாவது யார் அதிகத் தொகை தருகிறார் என்று கேட்டு, குத்தகைக்கு விடுகிறது. குத்தகைக்காரர் சபைக்குப் பணம் கட்டிவிட்டு, வருகிறவர்களிடம் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார். சுத்தம், சவர்க்காரம், பல்பு, கூலியாள் எல்லாம் அவர் செலவு.

இப்போது அவர் இடத்தில் இருந்து யோசியுங்கள். காலை ஏழு முதல் மாலை வரை பஸ்கள் வந்தபடி இருக்கும், காசும் வரும். இருட்டிய பிறகு வருபவர்கள் மிகக் குறைவு. அந்தச் சிலருக்காக ஓர் ஆளை உட்கார வைத்தால் நட்டம். ஆள் இல்லாமல் திறந்து வைத்தால் பல்பையும் வாளியையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே பூட்டுகிறார். தூள் என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாவிட்டாலும் அந்தக் கதவு அதே நேரத்தில்தான் மூடப்படும். காரணம் கேட்கும்போது சொல்வதற்குத் தூள் வசதியாக இருக்கிறது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பூட்டுக்குக் காரணம் குற்றம் என்று நம்பினால் பொலிஸைக் கேட்போம். காரணம் குத்தகை நிபந்தனை என்று தெரிந்தால் சபையைக் கேட்போம். பதில் இருக்கும் இடம் சபைதான்.

இரவில் நடத்தவே முடியாது என்பதும் சரியில்லை. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவத்தில் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போய்ப் பாருங்கள். மலை ஏறுவதே இரவில்தான். சூரிய உதயத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் நள்ளிரவில் படியேறுகிறார்கள். வழியில் தேநீர்க் கடைகள் திறந்திருக்கும், விளக்குகள் எரியும், கக்கூஸ் வாசலில் காசு வாங்க ஆள் இருப்பார். அதே குளிர், அதே மழை, அதே மாவட்டம். இங்கே இரவு வேலைக்கு ஆள் கிடைக்க மாட்டார் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இதை நம்பி இருப்பவர்கள் யார்?

பொது மலசலகூடம் என்றதும் பலருக்குப் பஸ் சாரதியும் ஊர் சுற்ற வந்தவர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். மலையகத்தில் அதற்கு முதல் உரிமைக்காரி தோட்டத்துப் பெண்.

கொழுந்து மலையில் பெண்களுக்குக் கக்கூஸ் இருப்பது அபூர்வம். காலையில் மலைக்கு ஏறினால் மதியம் கொழுந்து நிறுக்கும்வரை அடக்க வேண்டும், இல்லாவிட்டால் தேயிலை மறைவில் அட்டைக்கடியோடு ஒதுங்க வேண்டும். அதனால் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிவிடுகிறார்கள். டவுனுக்கு வரும் நாளிலும் அதே பழக்கம்தான். பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ பஸ் ஏறி, கிளினிக்கில் வரிசையில் நின்று, மருந்து எடுத்து, பிள்ளைக்குக் கொப்பி வாங்கி, திரும்பவும் பஸ்ஸுக்கு நின்று வீடு சேரும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத பெண்களை எனக்குத் தெரியும். கேட்டால், "குடிச்சா எங்க போறதுங்க?" என்பார்கள்.

உடம்பில் என்ன நடக்கிறது? சிறுநீர் வெளியேறும்போது பாதையில் உள்ள கிருமிகளையும் கழுவிக்கொண்டு போகிறது. தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கினால் அந்தக் கழுவல் நின்று, கிருமி சிறுநீர்ப்பையிலேயே தங்கிப் பெருகுகிறது. இதுதான் சிறுநீர்த் தொற்று. எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று போய், கவனிக்காவிட்டால் சிறுநீரகம் வரை ஏறும். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் ஆபத்து. நீரிழிவுக்காரருக்கும் வயதான ஆண்களுக்கும் அடக்கவே முடியாது. மாதவிடாய் நாட்களில் வெளியூர் போகும் பெண்பிள்ளைகள் படும் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டணமும் ஒரு தடைதான். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபா ஆனது. தாயும் மூன்று பிள்ளைகளும் போக வர இரண்டு தடவை காசு கொடுப்பது அந்த வீட்டில் யோசிக்க வேண்டிய செலவு.

வீடில்லாதவர் என்றால் யார்?

பஸ் ஸ்டாண்டில் படுப்பவரை மட்டும்தான் வீடற்றவர் என்று எண்ணுகிறோம். அது கண்ணுக்குத் தெரியும் நுனி. கீழே இருப்பது 'மறைந்த வீடின்மை'. தனக்கென்று நிலையான இருப்பிடம் இல்லாமல் உறவினர் வீட்டு மூலையிலோ கடைத் திண்ணையிலோ வேலை செய்யும் இடத்திலோ காலம் தள்ளுவதற்கு அந்தப் பெயர்.

மலையகத்தில் இது வேர்விட்ட விதம் வேறு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பரா என்பது பழைய அளவு. அது குடியிருப்பவரின் சொத்து இல்லை, வேலையோடு கட்டப்பட்ட இடம். மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம், பேரப்பிள்ளை வந்தால் இன்னும் நெருக்கம். அப்போது ஸ்தோப்புக்கு (வாசல் திண்ணைக்கு) நகர்த்தப்படுவது பெரும்பாலும் கிழவர். அங்கிருந்து கோயில் மண்டபம், அங்கிருந்து டவுன். ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்ற திட்டம் வந்தது. கிடைத்த குடும்பங்களுக்கு வாழ்க்கையே மாறியது. கிடைக்காத குடும்பங்கள் இன்னும் ஏராளம்.

பிறகு மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. உயிர் தப்பியவர்கள் நீண்ட காலம் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயலில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலை சரிந்து, குடும்பம் குடும்பமாகப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கினார்கள். இவர்களில் யாரும் குடியாலோ சோம்பலாலோ வீட்டை இழக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் உரச் சாக்கை விரித்துப் படுப்பவர்களோடு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துப் பேசிப் பாருங்கள். ஈ.பி.எப். என்னும் சேமலாப நிதிப் பணத்தை மகள் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டு நின்ற பெரியவர், மனநோய் வந்ததும் யாரோ பஸ் ஏற்றி அனுப்பிவிட்ட பெண், கொழும்பில் கடை வேலைக்குப் போய்ச் சம்பளம் கிடைக்காமல் திரும்பி, வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வெட்கப்படும் பையன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை மாதத்தில் புல்லில் உறைபனி விழும். அந்த இரவில் நாலு சுவரும் கூரையும் உள்ள எந்த இடமும் படுக்கைதான், கக்கூஸ் நடைபாதை உட்பட.

சட்டம் இவர்களைப் பார்க்கும் பார்வை மிகப் பழையது. 1841இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், பிழைப்புக்கு வழி காட்ட முடியாமல் அடுத்தவர் திண்ணையிலும் கொட்டகையிலும் தங்குவதையே குற்றமாக எழுதி வைத்தது. கோப்பித் தோட்டக் காலத்துச் சட்டம் அது. வீடில்லாமல் இருப்பதே தப்பு என்ற நினைப்பு நமக்குள் ஊறிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தூளும் ஐஸும் ஏன் கக்கூஸுக்குள் போகின்றன?

தூள் அல்லது குடு என்று நம்மவர்கள் சொல்வது ஹெரோயின். வலியை மரக்கச் செய்து, மூளையையும் மூச்சையும் மந்தமாக்கும் பொருள். ஐஸ் என்பது மெத்தம்பெட்டமைன். இது நேர்மாறாகத் தூக்கத்தையும் பசியையும் விரட்டி ஆளை ஓட வைக்கும்.

'போதைச் சார்பு' என்ற ஒன்றை இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். பாவித்துப் பாவித்து, அந்தப் பொருள் இல்லாமல் உடம்பும் மூளையும் வழமைபோல இயங்க முடியாத நிலைக்கு வருவது அது. அந்தக் கட்டத்தில் ஒருவர் சந்தோஷத்துக்காகப் பாவிப்பதில்லை, வேதனை வராமல் இருக்கப் பாவிக்கிறார். நிறுத்தினால் வரும் வேதனைக்கு 'விலகல் அறிகுறிகள்' என்று பெயர். ஹெரோயின் என்றால் வியர்வை, உடம்பு முறிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு. கடைசியைக் கவனியுங்கள். தூள்காரர் கக்கூஸுக்கு ஓடுவது எப்போதும் தூள் அடிக்கத்தான் என்பதில்லை. தூள் கிடைக்காத நாளில் அவருக்குத்தான் கக்கூஸ் மிக அவசரமாகத் தேவைப்படுகிறது.

இலங்கையில் ஹெரோயினை ஊசியால் ஏற்றுபவர்கள் குறைவு. பெரும்பாலும் வெள்ளித் தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுக்கிறார்கள். பொது மலசலகூடத்தில் கரிபிடித்த தாள் துண்டும் செத்துப்போன லைட்டரும் கிடப்பது இதனால்தான். இதற்குக் காற்றடிக்காத, தாழ்ப்பாள் போடக்கூடிய, சில நிமிடம் தனியாக இருக்கக்கூடிய இடம் வேண்டும். ஒரு நகரத்தில் அப்படி யாரையும் கேட்காமல் நுழையக்கூடிய அறை எது? பொது மலசலகூடம் ஒன்றுதான்.

அப்படி நுழைபவர் பெரும்பாலும் வீடு உள்ளவர். இந்த இடத்தில்தான் ஊர்ப்பேச்சு அதிகம் தவறுகிறது. கடையில் வேலை செய்யும் பையனாக இருக்கலாம், ஆட்டோ ஓட்டுபவராக இருக்கலாம், லொறியில் மரக்கறி ஏற்றுபவராக இருக்கலாம். வீட்டில் ஆறு பேர் இருக்கும் காம்பராவில் மறைவு கிடையாது, ஆகவே டவுனுக்கு வருகிறார். இரவில் பெஞ்சில் படுக்கும் கிழவரிடம் தூள் வாங்கக் காசும் இல்லை. கண்ணில் படுவது கிழவர், கரித்தாளைப் போட்டது பையன், பழி கிழவர் மேல்.

இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. பழக்கத்தால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டுத் தெருவுக்கு வந்தவர்கள் உண்டு. தெருவுக்கு வந்தபின் குளிருக்கும் பயத்துக்கும் மருந்தாகக் கசிப்பையோ தூளையோ பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. இரண்டு வட்டங்கள் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. நாம் அவற்றை ஒரே வட்டமாக வரைந்துவிடுகிறோம்.

விற்பனைக்கு வருவோம். பணத்தை போனில் அனுப்பிவிட்டு, சொன்ன இடத்தில் போய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளும் முறை வந்து காலமாகிவிட்டது. வியாபாரிக்குக் கக்கூஸ் தேவையே இல்லை. அதைப் பூட்டுவதால் அவருக்கு ஒரு சதமும் குறையாது.

இதுவரை பார்த்ததில் மூன்று ஆட்கள் வந்திருக்கிறார்கள். அடக்கிக்கொண்டு நிற்கும் பெண், படுக்க இடமில்லாத கிழவர், மறைவு தேடும் பையன். மூன்று பேருக்கும் தேவை வேறு. கதவு மட்டும் ஒன்று.

பூட்டிய பிறகு நடப்பது

பையன் இன்னொரு மறைவைத் தேடிக்கொள்கிறான். கட்டி முடிக்காத கட்டடம், ரயில் பாதையோரம், டவுனை ஒட்டிய தேயிலை மலை. இதற்கு 'இடம்மாற்றம்' என்று பெயர். பிரச்சினை குறையாது, முகவரி மட்டும் மாறும். புது இடம் பழையதைவிட ஆபத்தானது. ஹெரோயின் அளவு மீறினால் மூச்சு மெதுவாகி நின்றுவிடும். பஸ் ஸ்டாண்டில் விழுந்தால் யாராவது பார்ப்பார்கள். தேயிலைக்குள் விழுந்தால் மறுநாள் கொழுந்து எடுக்க வருகிறவர்கள்தான் பார்ப்பார்கள்.

கிழவர் சந்தைச் சுவருக்குப் பின்னால் ஒதுங்குகிறார். மலைநாட்டில் இது அவரோடு முடிகிற விஷயம் இல்லை. இங்கே எல்லாத் தண்ணீரும் கீழ்நோக்கி ஓடுகிறது. மேலே கானில் விழுந்தது மழையோடு ஓடையில் சேர்கிறது. ஓடை கீழே யாரோ குடிக்கும், குளிக்கும், கீரை கழுவும் தண்ணீர். மலத்தில் உள்ள கிருமி கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ அடுத்தவர் வாய்க்குப் போவதை மலவாய்வழித் தொற்று என்பார்கள். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், ஒரு வகைச் செங்கமாரி எல்லாம் இப்படிப் பரவுகின்றன.

பணக்கார நாட்டிலும் இதுதான் கதை. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 2017இல் ஹெப்படைட்டிஸ் ஏ என்ற செங்கமாரி பரவி ஏறத்தாழ 600 பேரைப் பாதித்தது, 20 பேர் இறந்தார்கள். வீடற்றவர்களும் போதைப்பொருள் பாவிப்பவர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் கழிவறையும் கை கழுவத் தண்ணீரும் போதாமல் இருந்தது பெரிய காரணமாகப் பேசப்பட்டது. கடைசியில் நகர நிர்வாகம் தெருக்களைக் கிருமிநாசினியால் கழுவி, கை கழுவும் தொட்டிகளை வைத்து, தடுப்பூசி போட வேண்டியதாயிற்று.

அந்தப் பெண்? அவர் வழக்கம்போலத் தண்ணீர் குடிக்காமல் வீடு போகிறார். எந்தத் தப்பும் செய்யாதவர் அவர், பூட்டு முழுசாக வேலை செய்வதும் அவர்மேல் மட்டும்தான்.

வெளியூர்க்காரர்கள் செய்து பார்த்தவை

சியாட்டில் நகரம் 2004இல் தானாகக் கழுவிக்கொள்ளும் ஐந்து இயந்திரக் கழிவறைகளை வைத்தது. செலவு சுமார் 50 லட்சம் டொலர். பொத்தானை அமுக்கினால் கதவு திறக்கும், ஆள் போனதும் தரையே தன்னைக் கழுவிக்கொள்ளும். பணிக்கு ஆள் தேவையில்லை என்பதுதான் அதன் பெருமை. நான்கு வருடத்தில் அவை போதைப்பொருளுக்கும் வேறு வேலைகளுக்குமான அறைகளாகிப்போய், 2008இல் இணைய ஏலத்தில் ஐந்தையும் சேர்த்துச் சுமார் 12,500 டொலருக்கு விற்றுத் தீர்த்தார்கள்.

அதே அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ 2014இல் வேறு வழிக்குப் போனது. வீடற்றவர்களும் போதைப்பொருளும் அதிகம் உள்ள டெண்டர்லொயின் பகுதியில் கழிவறைகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் வாசலில் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு உட்கார வைத்தார்கள். ஒருவர் வெளியே வந்ததும் பார்த்துச் சுத்தம் செய்வார், நெடுநேரம் உள்ளே இருந்தால் கதவைத் தட்டுவார். அந்தத் திட்டம் தொடர்ந்து, மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. நம் பைப்படிப் பாட்டிக்குச் சம்பளம் போட்டுக் கொடுத்தால் எப்படியோ, அப்படி.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இந்தியாவில் பிந்தேஷ்வர் பாடக் 1970இல் தொடங்கிய சுலப் அமைப்பு, காசு கொடுத்துப் பாவிக்கும் கழிவறையை நாடு முழுவதும் கொண்டுபோனது. அதன் அடிப்படையும் வாசலில் உட்கார்ந்திருக்கும் பணியாள்தான்.

ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் கழிவறைக்குள் நீல விளக்குப் போட்டார்கள். நீல வெளிச்சத்தில் நரம்பு தெரியாது, ஊசி போட முடியாது என்பது எண்ணம். நிறுத்த வேண்டியவர்கள் நிறுத்தவில்லை, தட்டுத்தடுமாறிப் போட்டு இன்னும் காயப்பட்டதுதான் மிச்சம். ஊசி குறைவான நம் ஊரில் இதற்கு அர்த்தமே இல்லை. கண் மங்கிய வயசாளிகள் வழுக்கி விழுவார்கள்.

நம் சபைகளிடம் கேட்க வேண்டியவை

முதலாவது ஆள். அந்த வேலையை மரியாதையான வேலையாக ஆக்காமல் எதுவும் நடக்காது. மலையகத்து நகரங்களைக் கூட்டிக் கழுவி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் யார் என்று நமக்குத் தெரியும். கண்டி மகியாவையில் தலைமுறை தலைமுறையாக நகரச் சுத்திகரிப்பு வேலை செய்துவந்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் பிள்ளைகள் முகவரியைச் சொல்லவே தயங்கும் நிலையை நாம்தான் உண்டாக்கினோம். பொது மலசலகூடத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் அதே வீடுகளிலிருந்து அதே சம்பளத்துக்கு இன்னொருவரை இழுத்துவர நினைத்தால் இந்தக் கட்டுரையை எழுதியதற்கே நான் வருத்தப்படுவேன். நிரந்தர நியமனம், கையுறை, பூட்ஸ், இரவு வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவு, உட்கார ஒரு சிறிய அறை, துணைக்கு இன்னொருவர் என்று எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது இடமும் அமைப்பும். பஸ் வரிசைக்கு நேர் எதிரே, கடை வெளிச்சம் விழும் இடத்தில் வாசல் இருக்கட்டும். கை கழுவும் தொட்டியை அறைக்கு வெளியே வைத்தால் அங்கே எப்போதும் ஆள் நிற்கும். கதவின் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் தெரியும், ஆனால் மானம் போகாது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2008இலிருந்து வைக்கும் தெருக்கழிவறைகள் இப்படித்தான், அடியிலும் மேலும் சட்டமிட்டுத் திறந்திருக்கும்.

மூன்றாவது குத்தகை. அதிகத் தொகை தருபவருக்கே என்ற ஒற்றை நிபந்தனை போதாது. எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுவது, பெண்கள் பக்கம் குப்பைத்தொட்டி, பிள்ளைகளுக்கும் வயசாளிகளுக்கும் கட்டண விலக்கு எல்லாம் அதில் வர வேண்டும். இரவு நேரத்துக்கு வருமானம் வராது, ஆகவே அந்தச் செலவைச் சபையே ஏற்க வேண்டும். தெருவிளக்குக்கு யாரும் காசு வசூலிப்பதில்லையே. தோட்டப் பகுதிக்கும் இது பொருந்தும். பிரதேச சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாமல் நெடுங்காலம் தடையாக இருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. "சட்டம் விடாது" என்ற பதிலை இனி ஏற்க வேண்டியதில்லை.

தூளுக்கான சிகிச்சை கக்கூஸ் வாசலில் கிடைக்காது, ஆனால் அதற்கான வழியை அங்கே ஒட்டி வைக்கலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. அந்தச் சபையின் சிகிச்சை நிலையம் ஒன்று கண்டியில் இருக்கிறது. பணியாளுக்கு இன்னொன்றும் கற்றுக்கொடுக்க வேண்டும். உள்ளே போனவர் நெடுநேரம் வராவிட்டால் தட்ட வேண்டும், மூச்சு மந்தமாகி உதடு நீலம் பாரித்திருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு அடிக்க வேண்டும். அது சுவசெரிய அம்புலன்ஸின் இலக்கம், சேவை இலவசம். படுக்க இடமில்லாதவருக்கு வேண்டியது இரவுத் தங்குமிடம், அதைக் கக்கூஸிடம் எதிர்பார்ப்பது கக்கூஸுக்கும் நியாயமில்லை. நகரத்துக்கு ஒன்றாவது, தமிழில் பேசக்கூடிய ஓர் ஆளோடு, மழைக்காலத்திலாவது திறக்கக் கேட்க வேண்டும்.

கேட்கும் காலமும் முக்கியம். 2025 மே தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மீண்டும் உறுப்பினர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த வருடத்துக்கான வரவுசெலவுத் திட்டத்தை அவர்கள் வருட இறுதியில் நிறைவேற்றுகிறார்கள். ஜனவரியில் போய்க் கேட்டால் "நிதி ஒதுக்கவில்லை" என்பார்கள். செப்டெம்பர், ஒக்டோபரிலேயே உங்கள் வட்டார உறுப்பினரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் எழுத்தில் கொடுங்கள். இரவு எத்தனை மணிவரை திறந்திருக்க வேண்டும், வாசலில் யார் இருக்க வேண்டும், அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் வரும் என்ற மூன்றையும் கடிதத்திலேயே கேளுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்காதீர்கள்.